நாலு மணி நேரமும் நூற்று இருபது லிட்டர் தண்ணீரும்



மார்ச் மாதத்தின் இரண்டாம் வியாழக்கிழமையை உலகச் சிறுநீரக நாள் என்று 2006-ஆம் ஆண்டு முதல் கடைப்பிடிக்கிறார்கள். பெரும்பாலும் அது தவக்காலத்துக்குள்தான் வருகிறது. நாம் நாற்பது நாள் ஒறுத்தல் செய்கிறோம். ஒரு வேளை சாப்பாட்டை விடுகிறோம். அதுவே நமக்குப் பெரிதாகத் தெரிகிறது. நம்முடைய பங்குகளிலேயே, அதே பீடத்தின் முன்னால், ஒரு நாளைக்கு மூன்று நான்கு டம்ளருக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்ற கட்டளையோடு ஆண்டு முழுவதும் வாழ்கிறவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். வேலூர் வெயிலில், மே மாதத்திலும் அதே அளவுதான் அவர்களுக்கு. டயாலிசிஸ் செய்துகொள்கிற நம் சகோதர சகோதரிகளைப் பற்றியும், அவர்கள் போய் வருகிற மையங்களைப் பற்றியும் இன்று கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைப் பக்கமிருந்து வருகிற குடும்பங்கள் குருக்களிடம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "சாமி, நல்ல சென்டர் எது?" போய் வந்தவர்களிடம் கேட்டால், "ஏசி இருக்கு, டிவி இருக்கு, தரை கண்ணாடி மாதிரி இருக்கு" என்பார்கள். இவை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை; நாலு மணி நேரம் படுத்திருக்கிறவருக்கு டிவியும் ஓர் ஆறுதல்தான். ஆனால் ஒரு மையம் நல்லதா இல்லையா என்பது தரையில் தெரியாது. அது பெரும்பாலும் நோயாளியின் கண்ணில் படாத ஓர் அறையில் இருக்கிறது. அந்த அறைக்குப் போகும் முன்னால், டயாலிசிஸ் என்றால் என்ன என்பதைப் புரிந்துகொள்வோம்.

நம் ஊரில் இதை "ரத்தம் மாத்துறாங்க" என்று சொல்கிறோம். மாற்றுவதில்லை. நோயாளியின் சொந்த ரத்தம்தான் ஒரு குழாய் வழியாக வெளியே வந்து, சுத்தமாகி, இன்னொரு குழாய் வழியாக உள்ளே போகிறது. எந்த ஒரு நேரத்திலும் உடம்புக்கு வெளியே இருப்பது கால் லிட்டர் அளவு ரத்தமே. நிமிடத்துக்கு 250, 300 மில்லி என்ற வேகத்தில் அது திரும்பத் திரும்பப் போய் வருகிறது. 'பில்டர்' என்று நாம் சொல்கிற டயலைசருக்குள் தலைமுடி போன்ற ஆயிரக்கணக்கான நுண் குழாய்கள் இருக்கின்றன. குழாய்க்கு உள்ளே ரத்தம். வெளியே சுத்தமான, உப்புகள் அளந்து கலந்த நீர். இரண்டுக்கும் நடுவே மெல்லிய சவ்வு. ரத்தத்தில் தேங்கிய யூரியாவும் கிரியாட்டினினும் அதிகப்படியான பொட்டாசியமும் அந்தச் சவ்வைக் கடந்து நீருக்குள் போய்விடுகின்றன. ரத்த அணுக்களும் புரதமும் பெரியவை. அவை கடக்க முடியாது. உடம்பில் தேங்கிய தண்ணீரை இயந்திரம் அழுத்தத்தால் இழுத்து எடுக்கிறது.

இதைக் கண்டுபிடித்தவர் வில்லெம் கோல்ஃப் என்ற டச்சு மருத்துவர். 1943-இல், நாசிப் படைகளின் பிடியில் இருந்த நெதர்லாந்தில், காம்பன் என்ற சிறு ஊரில் வேலை பார்த்தார். போர்க்காலம், எந்தப் பொருளும் கிடைக்காது. இறைச்சி அடைக்கும் செலோஃபேன் உறையைச் சவ்வாக வைத்து, மர உருளை ஒன்றில் சுற்றி, உப்புநீர்த் தொட்டியில் சுழலவிட்டார். முதலில் வந்த நோயாளிகளில் ஏறத்தாழ எல்லாரும் இறந்துபோனார்கள். அவர் விடவில்லை. 1945-இல் 67 வயதுப் பெண் ஒருவர் பிழைத்து எழுந்தார். அதன் பிறகும்கூட இது சில நாள் உயிரைத் தாங்கிப் பிடிக்கிற சிகிச்சையாகவே இருந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு ரத்தக் குழாய் கெட்டுப்போகும் என்பதே காரணம். 1960-இல் சியாட்டில் நகரத்தில் பெல்டிங் ஸ்கிரிப்னர் கையில் நிரந்தரமாகப் பொருத்தும் டெஃப்லான் குழாயைக் கொண்டுவந்த பிறகுதான், சிறுநீரகம் முழுவதும் போனவரும் ஆண்டுக்கணக்கில் வாழலாம் என்ற நிலை வந்தது.

நம் வேலூருக்கு இந்த வரலாற்றில் பங்கு உண்டு. இந்தியாவில் டயாலிசிஸ் தொடங்கியது 1960-களின் தொடக்கத்தில், ஐடா ஸ்கடர் அம்மையார் நிறுவிய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில்தான். நாட்டின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவையும் 1971-இல் அங்கேதான் நடந்தது. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ரயிலேறி மக்கள் காட்பாடியில் வந்து இறங்குவதை நாம் தினமும் பார்க்கிறோம். அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு மையம் பற்றித் தெரிந்த அளவு, அதன் பக்கத்திலேயே குடியிருக்கிற நமக்குத் தெரியாமல் இருக்கலாமா?

இப்போது அந்தக் கண்ணில் படாத அறைக்கு வருவோம். அது தண்ணீர் அறை.

டயாலிசிஸ் இயந்திரம் நிமிடத்துக்கு அரை லிட்டர் நீரைப் பயன்படுத்துகிறது. நாலு மணி நேரத்துக்கு 120 லிட்டர். வாரம் மூன்று முறை என்றால் 360 லிட்டர். நாம் வாரம் முழுவதும் குடிப்பது பதினான்கு பதினைந்து லிட்டர்தான். அதையும் குடலும் கல்லீரலும் சலித்துத்தான் ரத்தத்துக்குள் அனுமதிக்கின்றன. டயாலிசிஸில் அந்தக் காவல் கிடையாது. நீரில் உள்ள எந்தச் சிறு நஞ்சும் சவ்வைத் தாண்டி நேரே ரத்தத்துக்குள் போகும். வெளியேற்றுவதற்குச் சிறுநீரகமும் இல்லை.

பாலாற்றங்கரை மக்களுக்குத் தண்ணீரைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டியதில்லை. தோல் பதனிடும் கழிவு கலந்து நம் கிணறுகள் என்ன ஆயின என்பதை உச்ச நீதிமன்றமே பதிவு செய்திருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு மாதம் வந்த தீர்ப்பில், தோல் தொழிற்சாலைப் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது குறிப்பிடப்படுகிறது. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதில் அந்த வழக்குக்குப் பெரும் பங்கு உண்டு. ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லிவிடுவோம். டயாலிசிஸ் கட்டிலில் படுத்திருக்கிறவர்களில் பெரும்பாலோரை அங்கே கொண்டுவந்தது சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும். எல்லாவற்றுக்கும் டேனரியைக் காரணம் காட்டிவிட்டுச் சர்க்கரையைச் சோதிக்காமல் இருப்பது நமக்கு நாமே செய்துகொள்ளும் தீங்கு. ஈரத் தோலைச் சுமந்த உடம்பு வலிக்கு மருந்துக் கடையில் தினமும் வலி மாத்திரை வாங்கி விழுங்குவதும் அப்படித்தான். அதுவும் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

அதே 1996-இல், பிப்ரவரி மாதம், பிரேசில் நாட்டில் கருவாரு என்ற ஊரில் நடந்ததைக் கேளுங்கள். வறட்சிக் காலம். டயாலிசிஸ் மையத்துக்கு லாரியில் தண்ணீர் வந்தது. அந்த நீர்த்தேக்கத்தில் நீலப்பச்சைப் பாசி படர்ந்திருந்தது. நீரைச் சரியாகச் சுத்திகரிக்கவில்லை. பாசியின் நஞ்சு நோயாளிகளின் கல்லீரலைத் தாக்கியது. 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். எல்லாரும் ஒரே மையத்துக்கு, பிழைப்பதற்காக வந்தவர்கள்.

கோடையில் லாரித் தண்ணீரை எதிர்பார்ப்பது நமக்கும் புதிதல்ல. ஒரு மையத்துக்கு ஒரு மாதம் காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும்; ஒரு மாதம் ஆழ்துளைக் கிணறு; ஒரு மாதம் லாரி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணம். போர் தண்ணீரில் கால்சியம் அதிகம். அதை மென்மையாக்காமல் விட்டால் நோயாளிக்குக் குமட்டலும் தலைவலியும் ரத்தக் கொதிப்பும் வரும். குடிநீரில் நம் நன்மைக்காகக் கலக்கும் குளோரினோ, குடிக்கிறவரைக் காக்கும். டயாலிசிஸில் ரத்தத்துக்குள் போனால் சிவப்பணுக்களை உடைத்துவிடும். "ஆர்.ஓ. போட்டிருக்கோம்" என்று சொன்னால் போதும் என்று நினைக்கிறோம். ஆர்.ஓ. சவ்வு குளோரினை முழுவதும் தடுக்காது. குளோரின் அந்தச் சவ்வையே அரித்தும்விடும். அதனால் அதற்கு முன்னால் கரி நிரப்பிய தொட்டிகள் வேண்டும். அந்தக் கரியை உரிய காலத்தில் மாற்றவும் வேண்டும். நல்ல மையத்தில் ஒவ்வொரு ஷிஃப்ட் தொடங்கும் முன்னும் ஒருவர் தண்ணீர் அறைக்குப் போய்க் குளோரினைச் சோதித்து நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கிருமிச் சோதனையும் தவறாமல் நடக்க வேண்டும். ஒரு மில்லி நீரில் கிருமிகள் 100-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. வீட்டுக் கேன் தண்ணீரைச் சோதிக்கிற டி.டி.எஸ். மீட்டர் குளோரினையும் காட்டாது, கிருமியையும் காட்டாது.

ஆகவே "நல்ல சென்டரா?" என்பதற்கு முதல் கேள்வி இது: "தண்ணீர்ச் சோதனை கடைசியாக எப்போது செய்தீர்கள்?" கோபமாகக் கேட்க வேண்டாம். ஊருக்கு வந்த விருந்தாளியை, எப்போது வந்தீர்கள் என்று கேட்பதுபோலக் கேட்கலாம். நோட்டை எடுத்துக் காட்டுகிற டெக்னீஷியனுக்கு அதில் ஒரு பெருமையே இருக்கும். இன்னோர் அடையாளமும் உண்டு. டயாலிசிஸ் தொடங்கிச் சிறிது நேரத்தில் ஒருவருக்கு மட்டும் குளிர் நடுக்கம் வந்தால், அவருடைய குழாயில் கிருமி தொற்றியிருக்கலாம். ஒரே ஷிஃப்டில் மூன்று நான்கு பேருக்கு வந்தால் தண்ணீரைச் சந்தேகிக்க வேண்டும். "ஏசி குளிரு" என்று போர்வையை இழுத்து மூடிக்கொள்ளாமல் உடனே சிஸ்டரிடம் சொல்லுங்கள்.

அடுத்தது நேரம். நல்ல சிறுநீரகம் வாரத்தில் 168 மணி நேரமும் வேலை செய்கிறது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் என்றால் 12 மணி நேரம். நம் பகுதியில் பலர் பணத்தாலும் பயணத்தாலும் இரண்டு முறையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது 8 மணி நேரம். இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்திலும் அரை மணி, முக்கால் மணி குறைப்பது வழக்கமாகிவிட்டது. சில சமயம் மையத்தில் அடுத்த ஷிஃப்டுக்காகக் குறைக்கிறார்கள். சில சமயம் நாமே, "பஸ் போயிடும் சிஸ்டர், எடுத்து விடுங்க" என்று கெஞ்சுகிறோம்.

இதில் என்ன நடக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே குடித்த தண்ணீர் உடம்பிலேயே தங்கும். ஒரு லிட்டர் தங்கினால் ஒரு கிலோ எடை கூடும். அதை எடுக்கும் வேகம், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மணிக்கு 13 மில்லியைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 60 கிலோ உள்ளவருக்கு மணிக்கு 780 மில்லி. நாலு மணி நேரத்தில் மூன்று லிட்டர் சொச்சம். அவர் நாலு லிட்டர் ஏற்றிக்கொண்டு வந்து, மூன்று மணி நேரத்தில் எடுத்துவிடச் சொன்னால், மணிக்கு 1,300 மில்லிக்கு மேல் இழுக்க வேண்டும். ரத்த அழுத்தம் சரியும். கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடிக்கும். இதயத் தசை ரத்தம் கிடைக்காமல் தவிக்கும். வீட்டுக்கு வந்து நாள் முழுக்கத் துவண்டு கிடப்பார். "டயாலிசிஸ் பண்ணா உடம்பு இன்னும் மோசமாகுது" என்று அடுத்த முறை போகாமலும் இருந்துவிடுவார். பல நேரங்களில் அவரைப் படுக்க வைத்தது டயாலிசிஸ் அல்ல, அதை அவசரப்படுத்தியதுதான்.

மருத்துவர்கள் கவலையோடு சொல்கிற இன்னொன்று, வாரத்தின் நீண்ட இடைவெளி. செவ்வாய், வியாழன், சனி என்று போகிறவருக்குச் சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவே இரண்டு முழு நாள். ஞாயிறு அதற்குள் வருகிறது. ஞாயிறு என்றால் திருப்பலி. திருப்பலி முடிந்தால் யாராவது ஒரு வீட்டில் விசேஷம். ஆம்பூர்ப் பக்கம் விசேஷம் என்றால் பிரியாணி. பிரியாணியைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஆனால் அதிலும் அதோடு வரும் கத்திரிக்காய்த் தொக்கிலும் உள்ள உப்பு தாகத்தைக் கிளப்பும். தாகம் எடுத்தவரைத் தண்ணீர் குடிக்காதே என்று அதட்டுவதில் பயனில்லை. உப்பைக் குறைத்தால் தாகமே குறையும். அந்த நீண்ட இடைவெளியின் முடிவில்தான் மூச்சுத்திணறலும் இதயக் கோளாறும் அதிகம் வருகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

போதுமான சுத்தம் நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. மாதம் ஒரு முறை டயாலிசிஸுக்கு முன்னும் பின்னும் யூரியா பார்ப்பார்கள். முன்னால் 150, பின்னால் 50 என்றால் மூன்றில் இரண்டு பங்கு போயிருக்கிறது. வாரம் மூன்று முறை செய்கிறவருக்கு 65 சதவீதமாவது குறைந்திருக்க வேண்டும். இந்த ஒரு எண்ணைக் கேட்டு வாங்கி ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஹீமோகுளோபினையும், டயாலிசிஸ் முடிந்து உடம்பில் நீர் தேங்காமல் இருக்கும் எடையையும் எழுதுங்கள். வேறு மையத்துக்குப் போக நேர்ந்தால் அந்த நோட்டே பேசும்.

மூன்றாவது, கை. 1966-இல் பிரேசியா, சிமினோ என்ற அமெரிக்க மருத்துவர்கள் ஒரு வழியை எழுதி வெளியிட்டார்கள்: மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்துவிட்டால், சிரை தடித்து, ஊசி குத்தத் தோதான குழாயாக மாறிவிடும். இதைத்தான் பிஸ்டுலா என்கிறோம். இது பழுக்க ஆறு வாரம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். ஆகவே சிறுநீரகம் போய்க்கொண்டிருக்கிறது என்று மருத்துவர் சொல்லும்போதே கையைத் தயார் செய்ய வேண்டும். நம் மக்களோ பயத்தில் நாள் தள்ளி, மூச்சுத் திணறலோடு இரவில் ஓடி வந்து, கழுத்தில் குழாய் போட்டுக்கொள்கிறார்கள். அவசரத்துக்கு அது உயிர் காக்கும். ஆனால் மாதக்கணக்கில் கழுத்துக் குழாயோடே இருந்தால், அது கிருமிகளுக்கு ரத்தத்துக்குள் போகத் திறந்து வைத்த வாசல். தன் நோயாளிகளில் எத்தனை பேரைக் கழுத்துக் குழாயிலிருந்து பிஸ்டுலாவுக்கு மாற்றியிருக்கிறது என்பதை வைத்தே ஒரு மையத்தின் அக்கறையை எடை போடலாம்.

பிஸ்டுலா உள்ள கையில் பி.பி. பார்க்கக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது, குளுக்கோஸ் ஏற்றக் கூடாது, அந்தக் கையைத் தலைக்கு வைத்துத் தூங்கக் கூடாது. இறுக்கமான வளையல், வாட்ச், கயிறு எதுவும் வேண்டாம். பாரம் தூக்கக் கூடாது. தோல் கட்டு தூக்கியே பழகியவருக்கு இது எவ்வளவு கடினம் என்று நமக்குத் தெரியும். கம்பெனியில் வேறு வேலை மாற்றித் தரும்படி மருத்துவரிடம் கடிதம் கேட்டு வாங்கலாம். தினமும் காலையில் விரலை வைத்துப் பாருங்கள்: பூனை உறுமுவதுபோல ஓர் அதிர்வு தெரியும். அது தெரியாவிட்டால் அன்றே, அந்த மணியே மருத்துவமனைக்குப் போக வேண்டும். திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கை போய்விடும். திரும்பவும் கழுத்துக்குத்தான் வர வேண்டும்.

நான்காவது, மற்றவர் கை. அதாவது ஊசி போடுகிறவர் கை. ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவரிடம் போகும்போது கையுறையை மாற்றுகிறாரா, கையைக் கழுவுகிறாரா, கட்டிலையும் இயந்திரத்தின் முகப்பையும் துடைக்கிறார்களா என்பதைப் படுத்தபடியே பார்க்கலாம். மஞ்சள் காமாலை பி வைரஸ் காய்ந்த இடத்தில்கூட ஏழு நாள் உயிரோடு இருக்கும். அதனால் அந்தத் தொற்று உள்ளவர்களுக்குத் தனி இயந்திரம், தனி இடம் வேண்டும். அவர்களைத் தள்ளி வைப்பது இழிவுபடுத்த அல்ல என்பதையும் நாம் புரிந்துகொள்ள வேண்டும். தடுப்பூசி உண்டு, டயாலிசிஸ் நோயாளிக்கு வழக்கமான அளவைப்போல இரு மடங்கு போடுவார்கள். போட்டார்களா என்று கேளுங்கள். ஒரே பில்டரைக் கழுவி அதே நோயாளிக்கு மறுபடி பயன்படுத்துவது நம் நாட்டில் பரவலான வழக்கம்; முறையாகச் செய்தால் அதில் தவறில்லை. ஆனால் அதன் மேல் உங்கள் பெயரும், எத்தனையாவது முறை என்பதும் எழுதியிருக்க வேண்டும். கழுவிய மருந்து மிச்சமில்லை என்று சோதித்த பிறகே இணைக்க வேண்டும். இணைக்கும் முன் பெயரைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

"இதெல்லாம் கேட்டா அடுத்த தடவை சீட்டு தர மாட்டாங்களோ?" என்ற பயம் ஏழைகளுக்கு இருக்கிறது. அந்தப் பயம் நியாயமானதே. மாற்று இடம் இல்லாதவர் வாயைத் திறக்க யோசிப்பார். அதனால்தான் இந்தக் கேள்விகளை நோயாளி மட்டும் கேட்காமல், கூட வருகிறவர் கேட்பது நல்லது. ஒரே அன்பியத்திலிருந்து இரண்டு மூன்று பேர் ஒரே மையத்துக்குப் போகிறார்கள் என்றால் சேர்ந்து கேட்கலாம். அங்கே வேலை செய்கிற சிஸ்டர்களும் டெக்னீஷியன் தம்பிகளும் குறைந்த சம்பளத்துக்கு, ஒரே ஆள் பல இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்கள். ஒருவர் மூன்று நான்கு பேருக்கு மேல் கவனிக்க நேர்ந்தால், அது அவர்கள் குற்றம் அல்ல. நிர்வாகத்திடம் கேட்க வேண்டிய கேள்வி.

மையத்துக்குப் போகாமலே டயாலிசிஸ் செய்துகொள்ளும் வழியும் உண்டு. வயிற்றுக்குள் மென்குழாய் ஒன்றை வைத்து, வீட்டிலேயே நாளுக்கு மூன்று நான்கு முறை நீர்ப்பை மாற்றுவது. கை சுத்தமும் தனி அறையும் வேண்டும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். நெடுந்தூரம் பயணம் செய்ய முடியாத முதியவர்கள் மருத்துவரிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம். மாற்றுச் சிறுநீரகம் எல்லாவற்றிலும் சிறந்தது; அது தனியாகப் பேச வேண்டிய பொருள்.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் டயாலிசிஸ் உண்டு. அரசு மருத்துவமனையிலும், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் செய்துகொள்ளலாம். ஏழைகளுக்கு மாவட்ட மருத்துவமனைகளில் இலவச டயாலிசிஸ் தரும் மத்திய அரசின் தேசியத் திட்டம் 2016-இல் அறிவிக்கப்பட்டது. தனியாரிடம் சேரும் முன்னால், ரத்தம் ஊற ஊசி, மாதச் சோதனை, குழாய் மாற்றும் செலவு எல்லாம் காப்பீட்டுக்குள் வருமா, வெளியே எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். விவரம் தெரியாவிட்டால் 104 என்ற எண்ணுக்குப் பேசலாம்.

ஷூ கம்பெனியிலோ டேனரியிலோ மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குகிறவருக்கு ஈ.எஸ்.ஐ. இருக்கும். அதில் டயாலிசிஸ் மட்டுமல்ல, வேறொன்றும் இருக்கிறது. நம்மில் பலருக்கு அது தெரியாது. நீண்டகால நோய்கள் என்று ஈ.எஸ்.ஐ. பட்டியலிட்டுள்ள 34 நோய்களில் நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பும் ஒன்று. தேவையான காலம் சந்தா கட்டியவருக்கு, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குக் கூலியில் 80 சதவீதம், இரண்டு ஆண்டு வரை கிடைக்க வழி உண்டு. நோய் தெரிந்தவுடன் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, பி.எஃப். பணத்தை எடுத்து மருத்துவம் பார்க்கிறவர்களைக் காண்கிறோம். அவசரப்பட்டு வேலையை விடாதீர்கள். விட்டால் அந்த உரிமையும் கையைவிட்டுப் போகும். வீட்டில் உட்கார்ந்து ஜோடிக் கணக்கில் ஷூ மேல்பாகம் தைக்கிற நம் தாய்மாருக்கு ஈ.எஸ்.ஐ.யும் இல்லை, விடுப்பும் இல்லை. அவர்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஒன்றே துணை. அட்டை இல்லாதவர்களைத் தேடிக் கண்டுபிடித்து, கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, கலெக்டர் அலுவலகத்துக்குக் கூட்டிப் போவது வின்சென்ட் தே பவுல் சபையார் ஒரு நாளில் முடிக்கக்கூடிய வேலை.

யோவான் நற்செய்தியில் குளத்தங்கரையில் 38 ஆண்டு படுத்துக்கிடந்த மனிதரை நமக்குத் தெரியும். நம் வேதாகமத்தில் அந்தக் குளம் பெத்சதா. ஆம்பூரில் லூத்தரன் மிஷனரிகள் தொடங்கிய மருத்துவமனைக்கும் அந்தக் குளத்தின் பெயர்தான். அந்த மனிதருக்குத் தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது. தன்னை இறக்கிவிட ஆள் இல்லை என்பதுதான் அவர் முறையீடு. ஆம்பூரிலிருந்து வேலூருக்கு ஐம்பது கிலோமீட்டருக்குப் பக்கம். வாணியம்பாடியிலிருந்து இன்னும் அதிகம். விடியற்காலை பஸ் ஏறி, நாலு மணி நேரம் படுத்து, தலைசுற்றலோடு திரும்பி வர வேண்டும். கூடப் போகிறவருக்கும் அன்றைய கூலி போகும். வாரம் இரண்டு கூலி, மூன்று கூலி என்று போனால் எந்தக் குடும்பம் தாங்கும்? வாரத்தில் ஒரு நாள், வீட்டுக்கு ஒருவர் என்று முறை வைத்துக் கூடப் போக ஓர் அன்பியத்தால் முடியும். அந்த ஒரு நாளில் மனைவியோ மகனோ வேலைக்குப் போகலாம்.

நோயாளியைப் பார்க்கப் போகும்போது எதை எடுத்துப் போகிறோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இளநீர், வாழைப்பழம், சாத்துக்குடி, ஒரு பாட்டில் ஜூஸ். அன்பாகத்தான் கொடுக்கிறோம். ஆனால் இவற்றில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் வேலை செய்யாதவர் உடம்பில் அது தேங்கி, இதயத் துடிப்பை நிறுத்திவிடக்கூடியது. முன்னறிவிப்பு இல்லாமலும் நிறுத்தும். இளநீர் வேண்டவே வேண்டாம். "சோடியம் குறைந்த உப்பு" என்று கடையில் விற்பதிலும் பொட்டாசியம்தான் கலந்திருக்கும். அதையும் வாங்கிக் கொடுக்காதீர்கள். கீரையையும் கிழங்கையும் நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வடித்துக் கொட்டிவிட்டுச் சமைத்தால் ஓரளவு குறையும். பழம் கொண்டுபோகத்தான் வேண்டும் என்றால் சிறிய ஆப்பிள் ஒன்று போதும். சர்க்கரை உள்ளவர் என்றால் அதையும் வீட்டாரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். முட்டையின் வெள்ளைக்கரு பெரும்பாலானவர்களுக்கு நல்லது, டயாலிசிஸில் புரதம் வீணாகிறது. போனவுடன் அவர்கள் வீட்டில் நமக்குக் காப்பி போடுவார்கள். அவர் முன்னால் உட்கார்ந்து சொம்பு நிறையத் தண்ணீர் வாங்கிக் குடிக்காமல் இருக்கலாம்.